சுவரோடு ஓர் அலமாரி

தாட்சாயிணி: “ஒந் துணியெல்லாம் எங்கடி வச்சிக்கிற?”ன்னு பக்கத்து வீட்டு பாலாம்பா ஒருவாட்டி கேட்டாண்ணா. கட்டிலுக்கு அடியில இருக்கற சூட்கேஸக் காட்டுனேன். அவ சிரிச்சா... நானும் சிரிச்சேன்.

சபேஷ்: அதுக்குத்தான் பீரோ வாங்கித் தரேங்கறேன். கடலூர்ல மச்சான் கடையில சொல்லியாச்சி. ஆளுயரக் கண்ணாடி வச்சது. வண்டியில ஏத்தி சிதம்பரத்துக்கே அனுப்பிடறேன்னுட்டாரு.

தாட்சாயிணி: பீரோ வேணாம். செவுத்தோட அலமாரியா வச்சிக் குடு. கீழ அண்ணிக்கு வச்சிக் குடுத்தியே, அதுமாதிரி.

சின்னையன்: சார், கடப்பாக்கல்லு வைக்கறதுன்னா இன்னைக்கே சொல்லிடுங்க. நாளைக்குப் பூச்சு. பூசுன செவுத்த வெட்டுனா வெடிப்பு விட்டுடும். அப்புறம் மேஸ்திரி சரியில்லம்பீங்க.

தாட்சாயிணி: அஞ்சு தட்டு வை, சின்னையா.

சபேஷ்: அஞ்சா? ஒங்கிட்ட இருக்கற துணிக்கு ரெண்டே ஜாஸ்தி.

தாட்சாயிணி: நடுத்தட்டக் காலியா விடப்போறேன்.

சபேஷ்: எதுக்கு?

தாட்சாயிணி: எனக்குன்னு ஒரு எடம் சும்மா கெடந்தா எப்பிடி இருக்கும்னு பாக்கறதுக்கு.

சபேஷ்: நல்லா பாத்த போ! மாடி ரூமு... மழத்தண்ணி எறங்கும். ஓதத்துல துணியெல்லாம் பூஞ்ச புடிச்சிடும்.

தாட்சாயிணி: சின்னையன் கட்டுன செவுத்துல ஓதமா? என்னா சின்னையா, கேட்டுகிட்டு சும்மா நிக்கற?

சின்னையன்: அய்யோ, அண்ணன் தங்கச்சி நடுவுல என்னைய இழுக்காதீங்கக்கா!

சபேஷ்: நீ போயி டீ குடிச்சிட்டு வாய்யா. வந்ததும் சொல்றேன்.

சின்னையன்: கலவ எறுகறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க...

தாட்சாயிணி: போயிட்டான். இப்பச் சொல்லு. ஓதம் இல்ல... வேற என்னா?

சபேஷ்: பீரோன்னா... நகத்திக்கலாம்.

தாட்சாயிணி: எங்க நகத்தறது? பத்துக்குப் பத்து ரூமு. கட்டிலு ஒண்ணு, நான் ஒருத்தி.

சபேஷ்: நாளைக்கே வேற எடத்துக்குக் கூட எடுத்துகிட்டுப் போவலாம்...

தாட்சாயிணி: எந்த எடத்துக்கு?

சபேஷ்: பேச்சுக்குச் சொன்னேன்.

தாட்சாயிணி: பேச்சுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு நாப்பத்திரண்டு ஆயிடுச்சிண்ணா. ‘போற வீட்டுல வாங்கிக்கலாம், போற வீட்டுல வச்சிக்கலாம்...’ இன்னைக்கி வரைக்கும் அந்தப் பெட்டிய நான் முழுசா காலி பண்ணதில்ல. அந்தக் கல்லப் பதிச்சிக் குடு. இங்கதான் இருக்கப்போறேன்னு எம் மனசாச்சும் ஒரு எடத்துல ஒக்காரட்டும்.

சபேஷ்: தாட்சா... காடாம்புலியூர் சிவசுப்ரமணியன்...

தாட்சாயிணி: அந்தப் பேரு ஒனக்கு ஞாபகம் இருக்கா?

சபேஷ்: இல்லாம? பதினெட்டு வருசத்துக்கு முன்ன, பொண்ணு கேட்டு வந்தவர வாசலோட அனுப்பினவன் நான்தான? அவரு சம்சாரம் தவறி மூணு வருசம் ஆவுதாம். ரெண்டு பொண்ணுங்க. போன ஞாயித்துக்கெழம நானே போயி... தப்பு எம் மேலதான்னு சொல்லிக் கேட்டேன். சரின்னுட்டாரு. சீரு வைக்கறப்ப பீரோவா இருந்தா...





தாட்சாயிணி: ஒரே ஆபீசுல இருந்தப்ப மூக்குக்கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிகிட்டு ஊரெல்லாம் தேடுவாரே... இன்னும் அப்பிடித்தானா?

சபேஷ்: அப்பிடியேதான்! நான் இருக்கும்போதே ரெண்டுவாட்டி தேடுனாரு... பாரு, சிரிக்கற! அப்ப மச்சானுக்கு இப்பவே போன் போட்டு...

தாட்சாயிணி: வேணாண்ணா.

சபேஷ்: வேணாமா? இத்தினி வருசம் அவர நெனச்சிகிட்டுதான...

தாட்சாயிணி: ஆமா. அவரத்தான்.

சபேஷ்: அப்புறம் என்னாடி?

தாட்சாயிணி: நீ போயிட்டு வந்த மறுநாளே எனக்குப் போன் பண்ணாரு. ஒங்கிட்ட சொல்லல. கொரலு அப்பிடியே இருக்குண்ணா. ‘பொண்ணுங்களுக்கு ரெண்டு வேள சமைச்சிப் போடுவியா?’ன்னு கேட்டாரு. அது ஒண்ணுதான் கேட்டாரு. பதினெட்டு வருசமா நான் வேற ஒரு கேள்விக்குல்ல பதிலு யோசிச்சி வச்சிருந்தேன்... அண்ணா? சின்னையனக் கூப்புடவா போற? பாத்து எறங்கு. படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கல.