கூடைக்குள் கௌதாரி

டச்சுக்காரர் கோட்டை கட்டி ஆண்ட பழவேற்காட்டில் அம்மன் கோயிலுக்குப் போக ஓடம் ஏறினேன். முன்னால் இரண்டு மீன்காரப் பெண்கள். இளையவளின் கூடையில் உயிருள்ள கௌதாரி ஒன்று இருந்தது.

"ஓடவே இல்லக்கா, கையில வந்து குந்திக்கிச்சு. கடல்லேர்ந்து வர்ற வூட்டுக்காரருக்கு ஆத்தா குடுத்த கறி!"

"எங்க புடிச்ச?"

"கோட்டை ஒல்லாந்தக்காரன் வேட்டையாடுற புதர்ல. காயமே இல்ல."

"வேணாண்டி! போன வாரம் இப்படித்தான் ஒண்ணை அறுத்தேன். இரைப்பையில கல்லோட கல்லா துப்பாக்கி ஈயக்குண்டு. கல்லுன்னு பொறுக்கித் தின்னு விஷம் ஏறிக்கிச்சு, அதான் ஓட முடியாம குந்திக்குது. குடலைத் தின்ன பூனை இன்னும் எழுந்திரிக்கல."

"அய்யோ! அப்ப அவருக்கு இன்னா ஆக்குறது?"

"மீனுதான். ஒல்லாந்தன் இன்னும் மீனைச் சுடல."

இளையவள் சிரித்துவிட்டாள். "ஆத்தா குடுத்ததுன்னு கும்பிட்டு வேற எடுத்தேன்க்கா."

"ஆத்தா குடுத்தது நெசந்தான், ஆனா கறியை இல்ல. நீ ஏறுன ஓடத்துல என்னையும் ஏத்திவுட்டா பாரு!"