வெட்டுண்ட மரத்துக்கு வேர் தந்த எங்கள் வேரக்காவுக்கு

வேரில்லாத் தண்டுக்கு வேர் தந்த விரல்களே! ஈரமும் மணலும் மணக்கும் எங்கள் நிழல்வலைக் கூடத்தின் மாண்பே! முப்பத்தோராண்டு முகஞ்சுளிக்காமல், இல்லை, பொய் எதற்கு, நாள்தோறும் முகஞ்சுளித்தே எங்களை முறையாய் வேலை வாங்கிய மூத்தவரே! பணி நிறைவு பெறும் எங்கள் வேரக்காவே, வணக்கம்!

ஒரு சாண் தண்டை நறுக்கி, இலையைப் பாதியாய்க் கத்தரித்து, அடியை வேரூக்கித் தூளில் தொட்டு, ஈரமணலில் ஊன்றி, அதே மரத்தை அச்சுப் பிசகாமல் மீண்டும் எழுப்பும் வித்தகர் நீங்கள். தூளின் வீரியம் கூடினால் தண்டு கருகும். குறைந்தால் சும்மா கிடக்கும். அந்த அளவில் நீங்கள் தவறி நாங்கள் பார்த்ததே இல்லை.

சாலைக்காக வெட்டப்பட்ட அந்தக் கிழமரத்தை மறக்க முடியுமா! அந்த இனத்தில் நாங்கள் அறிந்த கடைசி மரம். விதைகளோ அத்தனையும் பொக்கு. அவசர அவசரமாய் உச்சிக் கிளைகளை நறுக்கி நட்டோம். பத்தாம் நாள் துளிர் விட்டதும் தலைகால் புரியாமல் ஆடி, மேலதிகாரிக்கே செய்தி அனுப்பிவிட்டோம். நீங்கள் மட்டும் ஒரு தண்டை எடுத்துப் பார்த்து, "இலையைப் பாத்து ஆடாதீங்கப்பா, அடியில ஒண்ணுமே இல்ல" என்றீர்கள். மூன்றே வாரத்தில் அத்தனையும் அழுகின.

மரத்தை அறுக்க ஆள் வந்த நாளில் நாங்கள் இழவு வீடு போல உட்கார்ந்திருந்தோம். நீங்களோ ரம்பக்காரரிடம், "முழங்கால் உயரம் விட்டு அறுங்க தம்பி, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். முதிர்ந்த கிளை மறுத்ததை அடிக்கட்டையில் துளிர்க்கும் இளந்தண்டு செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதத்தில் இருபத்தாறு தண்டுகள் கிடைத்தன. அதற்குள் கட்டையையும் பெயர்த்துவிட்டார்கள். இனி வேறு வழியே இல்லை. அத்தனையையும் மணலில் ஊன்றிவிட்டு நீங்கள் மிரட்டினீர்கள்: "நாப்பது நாள் யாராவது தொட்டீங்க, தொலைச்சிடுவேன்!"

நாற்பத்தோராம் நாள் தண்ணீர் விட்டு மணலைக் கரைத்தீர்கள். பத்தொன்பது தண்டுகளில் வெள்ளை வெளேரென்று வேர்! அம்மாடி! "பொழச்சிடுச்சு" என்று ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதீர்கள். அந்த ஒரே மரம் இன்று நானூறு இடங்களில் நிற்கிறது.

அன்று மேலதிகாரி வேர் விட்டதையும் விடாததையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, "இருபத்தாறுன்னு சொன்னீங்களே, ஒண்ணு எங்கம்மா?" என்றார். "இருபத்தஞ்சுதான் சார் வெச்சோம்" என்றீர்கள். பொறுக்கமாட்டாமல் பதினெட்டாம் நாளே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து, அரிசி நுனியளவு வேர்முளையை ஒடித்து, அதைக் குப்பைக்குழியில் புதைத்தவன் ஒருவன் இருந்தான். உங்களுக்கு அது தெரியும். எங்கள் முன் நீங்கள் சொன்ன ஒரே பொய் அது.

அந்த ஒருவன், இந்த மடலை வாசிக்கும் நான்தான் அக்கா. பதினான்கு ஆண்டுகளாய்ச் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

நூறாண்டு காலம் நோய் நொடியின்றி, நிம்மதியும் நிறைவுமாய் நீங்கள் வாழ வேண்டும். எங்களைத் திட்டவாவது அடிக்கடி வந்து போக வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
நாற்றங்கால் பிரிவுப் பணியாளர்கள்