மலைக்கு நீட்டின ஸ்கிடூ

கழட்டிப் பூட்டின சாமானிலை ஒரு நட்டாவது மிஞ்சாட்டி, நீ... என்னமோ சொல்லுவார், அண்ணை, எங்கடை பெரியப்பா. நீ அதைக் கழட்டவே இல்லை எண்டோ, நீ பொய் சொல்லுறாய் எண்டோ. மிச்சம் மறந்து போச்சு. இஞ்சை மிஞ்சிக் கிடக்கிறது நட்டில்லை, பாதி மெசின். பாத்து வாங்கோ, தேவதாசன் அண்ணை. சப்பாத்திலை ஒட்டின ஸ்னோ உருகிப் படியிலை தண்ணி நிக்குது, வழுக்கும்.

இதுதான் எங்கடை கராஜ். மொன்ட்ரியால்-நோரிலை வீட்டுக்குக் கீழை இப்பிடி ஒரு கராஜ் கிடைக்கிறது லேசில்லை. மேலை பொம்பிளையள் கதைக்கட்டும். உங்கடை மனிசியும் என்ரை எலிசாவும் வந்த கையோடை சீலை விலை தொடங்கிட்டினம், இனி நாங்கள் அதுக்குள்ளை இருந்து என்ன செய்யிறது? மாப்பிளைத் தம்பியை நடுவிலை விட்டிட்டு வந்ததுதான் பாவம். உங்கடை றூபன் நல்ல அடக்கமான பிள்ளை அண்ணை. ரோல்ஸ் தட்டை நீட்ட நீட்ட ஒண்டும் சொல்லாமல் எடுத்துச் சாப்பிடுறார்.

ஜென்சியோ? ஓம், என்ரை மகளைப் பாக்கத்தானே ரொறொன்ரோவிலை இருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறியள். பார்லருக்குத் தலை இழுக்கப் போட்டாள் எண்டு எலிசா சொன்னவவோ? ம். அப்பிடித்தான் எலிசா சொல்லுறா. அதுக்கு வாறன்.

ஓம் ஓம், இந்தச் சாமானெல்லாம் நீங்கள் ஜென்சியின்ரை படத்திலை பாத்த, ஸ்னோவிலை ஓடுற அதே ஸ்கிடூவின்ரைதான். அதைப் பற்றித்தானே உங்கடை மனிசி போனிலை ஒரு சொல்லுச் சொன்னவ. பொம்பிளைப் பிள்ளைக்கு உது சரிவராது, கதை முற்றாக முதல் அதை வித்துப்போடுங்கோ எண்டு. கோவமில்லை அண்ணை. மனசுக்குள்ளை வைச்சிருக்காமல் நேரை சொன்னது நல்லது. ஆனா ஒண்டு, அது என்ரை மெசின். ஜென்சி எப்பவாவது ஒருக்கா எனக்குப் பின்னாலை குந்திக்கொண்டு வாறவள். அவ்வளவுதான்.

மெசின் எங்கையோ? சொல்லுறன். முதல் உந்தச் சுவரிலை தொங்கிறதைப் பாருங்கோ. இது கட்டை ட்ராக். காருக்கு டயர் மாதிரி ஸ்கிடூவுக்கு இந்த ரப்பர் பட்டி. இஞ்சை எல்லாரும் ஓடுறது போட்ட பாதையிலை. ஸ்னோவை அமத்தி, ரோட்டு மாதிரிச் செப்பனிட்டு, வளைவுக்கு வளைவு போர்ட்டும் நட்டு வைச்சிருப்பினம். அதுக்கு இந்தக் கட்டை காணும். மலைக்குப் போனா அந்தக் கதை இல்லை. அங்கை ஸ்னோ இடுப்பளவு, வறுத்த அரிசிமா மாதிரிப் பொலபொலவெண்டு கிடக்கும். கட்டை ட்ராக்கோடை போனியளோ, நிண்ட இடத்திலையே கிடங்கு கிண்டி உள்ளுக்கை தாண்டு போவியள். நீட்டு ட்ராக் எண்டா பாரம் பரவி மேலாலை மிதந்து போகும். பல்லும் துடுப்பு மாதிரி உயரம், ஸ்னோவை வலிச்சு வலிச்சு ஏறும்.

அது லேசான வேலையில்லை. நான் முதல் என்ன நினைச்சனான் எண்டா, பழைய பட்டியைக் கழட்டிப் புதுப் பட்டியைப் போட்டாச் சரி, களிசானுக்குப் பெல்ட் மாத்திற மாதிரி. எங்கை! பட்டி ஓடுற தண்டவாளத்தை நீட்டவேணும். அதை மூடுற தகரத்தை நீட்டவேணும். உள்ளுக்கை பல்லுச்சக்கரம் மாத்தவேணும், வேகம் குறைஞ்சாலும் இழுவை கூட வேணுமெல்லே. முன்னுக்கு அகலமான ஸ்கீ. ஹாண்டிலையும் உயத்தவேணும், மலையிலை குந்தியிருந்து ஓடேலாது, எழும்பி நிண்டு உடம்பைச் சரிச்சுச் சரிச்சுத்தான் ஓடுறது. பாரமானதெல்லாம் வெளியிலை. இந்தா, இந்தப் பெரிய சீற்றைத் தூக்கிப்போட்டு ஒராளுக்கு மட்டும் அளவான சின்னச் சீற் ஒண்டு பூட்டி...

ம்?

ஓம். பின் சீற் இதுதான்.

அப்ப ஜென்சி எங்கை குந்துறவள் எண்டோ கேக்கிறியள்.

சிரியாதேங்கோ அண்ணை. எலிசா விடிய எழும்பின நேரம் தொடக்கம் எனக்குப் பாடமாக்கித் தந்தவ. அது அப்பான்ரை மெசின், பிள்ளை பின்னுக்குத்தான், பிள்ளை பின்னுக்குத்தான் எண்டு. பின் சீற் கராஜ் நிலத்திலை கிடக்குமெண்டதை ரெண்டு பேரும் யோசிக்கேல்லை. நீங்கள் லொறி ஓடின மனிசன், உங்களை நான் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே பிழை. சரி, விடுங்கோ. பெரிய மனிசர் ரெண்டு பேர் நிண்டு பொய் சொல்லிக்கொண்டு நிக்கிறதும் வடிவில்லை. மெசின் அவளின்ரை. செய்ததும் அவள். நான் லைற் பிடிச்சனான்.

அதையும் ஒழுங்காப் பிடிக்கேல்லையாம். பப்பா, அறெத், நிப்பாட்டுங்கோ, லைற் ட்ராக்குக்கு, என்ரை மூஞ்சைக்கு இல்லை எண்டு கத்துவாள். பகல் முழுக்க ஆஸ்பத்திரியிலை சனத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப்போட்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையோடை இஞ்சை இறங்கிவிடுவாள். ஒரு கையிலை புட்டு, மற்றக் கையிலை ஸ்பனர். எலிசா மேலை நிண்டு, பிள்ளை நகத்துக்குள்ளை கிறீஸ், கன்னத்திலை கிறீஸ், உன்னை ஆர் கட்டப்போறான் எண்டு புலம்புவா. புலம்பிப்போட்டு, அந்தோனியார் படம் ஒண்டைக் கொண்டுவந்து முன் மூடிக்கு உள்ளுக்கை ஒட்டினதும் அவதான். துலைஞ்சதைத் தேடித் தாறவரெல்லே, மலையிலை பிள்ளை துலைஞ்சாலும் பாத்துக்கொள்ளுவார் எண்டு. என்ஜின் சூட்டிலை அந்தோனியார் இப்ப நல்லாக் கறுத்துப்போனார், எங்கடை ஆள் மாதிரி.

பயமில்லையோ எண்டோ? பயந்தான். சும்மா சொல்லக்கூடாது. பனி சரிஞ்சா என்ன செய்யிறதெண்டு வகுப்புக்கெல்லாம் போனவள். முதுகிலை காத்துப் பை ஒண்டு கட்டிக்கொண்டு போவாள், இழுத்தா ஊதும். அவள் அதைச் சொல்லிக் காட்டக் காட்ட எனக்குக் கூடப் பயம்.

முதல் ஓட்டத்துக்கு வடக்கை ஒரு இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனவள். சொன்னா நம்பமாட்டியள், பாதையிலை அது மாடு மாதிரி. வளைவிலை திருப்பேலாது. இறுகின ஐசிலை ஓட ஓட என்ஜின் கொதிக்குது, ஸ்னோ அள்ளி அடிச்சாத்தானாம் அது குளிரும். பக்கத்தாலை போன ஒரு கிழவன், இஞ்சத்தைக் கிபெக் ஆள், நிப்பாட்டி நிண்டு, என்னடி பிள்ளை, வடிவான மெசினைப் பழுதாக்கிப் போட்டியே எண்டு பிரெஞ்சிலை கேட்டார். எனக்கு மூஞ்சை சுருங்கிப்போச்சு. இவள் சிரிச்சுக்கொண்டு, இது பாதைக்கு இல்லை மிசியே எண்டிட்டு, அப்பிடியே திருப்பி ஒரு சரிவிலை விட்டாள் பாருங்கோ. முழங்காலளவு, இடுப்பளவு ஸ்னோ, ஒருத்தரும் மிரிக்காத ஸ்னோ. அதுக்கு மேலாலை எழும்பி நிண்டுகொண்டு போறாள். உச்சியிலை போய் நிப்பாட்டி, கையை ஒருக்கா உயத்திக் காட்டினாள். அந்தக் கிழவன் தொப்பியைக் கழட்டினார் அண்ணை. நானும் பக்கத்திலை நிண்டு, அது என்ரை மகள், அது என்ரை மகள் எண்டு ரெண்டு பாசையிலையும் சொன்னனான், ஏதோ அவருக்குக் காது செவிடு மாதிரி.

நானும் உங்கடை ரொறொன்ரோவிலை கொஞ்சக் காலம் இருந்து பாத்திட்டுத் திரும்பி ஓடி வந்தவன்தான். இஞ்சத்தைக் குளிரைப் பேசிப்பேசியே இத்தினை வருசம் இருந்திட்டன். வீட்டிலை இருந்து காருக்கு, காரிலை இருந்து வேலைக்கு. ஸ்னோ எண்டா எனக்கு வழிச்சுத் தள்ளிற சாமான். அதுக்கு மேலை ஏறி நிண்டு சிரிக்கலாமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

இல்லை அண்ணை, இல்லை. உங்கடை சம்பந்தம் வேண்டாமெண்டு அவள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. றூபனைப் பிடிச்சிருக்குப் போலைதான் கிடக்கு. போனிலை கதைக்கேக்கை கதவைச் சாத்துறாள். உங்கடை மனிசி கேட்டதை எலிசா சொன்னவுடனை, கையிலை இருந்த ஸ்பனரைத் துடைச்சுப் பெட்டிக்குள்ளை வைச்சாள். பேந்து, சரி, விப்பம் எண்டாள். அண்டைக்கே படம் எடுத்து விக்கிற சைற்றிலை போட்டாள். இந்தக் கிழமை காஸ்பேஸிப் பக்கம் ஷிக்-ஷொக் மலைக்குப் போறதெண்டு சிநேகிதப் பிள்ளையளோடை எப்பவோ ஒழுங்கு பண்ணினது, அதையும் வரேல்லை எண்டு அறிவிச்சிட்டாள். ஒரு அழுகை, ஒரு சண்டை ஒண்டுமில்லை. சண்டை பிடிச்சிருந்தா நானும் அப்பா மாதிரி நாலு புத்தி சொல்லியிருப்பன்.

இண்டைக்குக் காலமை நீங்கள் வரப்போறியளெண்டு வாசல் ஸ்னோவை வழிக்க இதாலை இறங்கி வாறன், லைற் எரியுது. இவள், நீலச் சீலை, தலையிலை பூ, முந்தானையை இடுப்பிலை சொருகிக்கொண்டு முழங்காலிலை நிண்டு மெசினுக்குக் கிறீஸ் போடுறாள். பிள்ளை, இப்ப ஏன் உது எண்டு கேட்டன். வாங்கிறவன் பாக்கேக்கை நல்லா இருக்கவேணும் அப்பா எண்டாள். நிமிந்து பாக்கேல்லை.

எலிசாவுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன், மேலை போய் நானே அவவுக்கும் சொல்லுவன், தம்பிக்கும் சொல்லுவன். பார்லர் எண்டு அவவுக்குச் சொன்னது நான், பார்லரும் இல்லை, ஒண்டும் இல்லை அண்ணை. அவள் போகமாட்டன் எண்டுதான் நிண்டவள். நான்தான் மெசினை ட்ரெயிலரிலை ஏத்திக் கட்டி, வானிலை கொழுவி, சீலைக்கு மேலை ஜக்கெற்றைப் போடச் சொல்லி, வான் திறப்பைக் கையிலை குடுத்து, நீ மலைக்குப் போட்டு வா பிள்ளை எண்டு அனுப்பினனான்.