பந்தெறிந்த பெண்களுக்குப் பெயர் தேடித் தந்த மங்கையற்கரசி அம்மையாருக்கு

ரொறன்ரோத் தமிழர் கைகளில் தவழும் நம் வார இதழின் விளையாட்டுப் பக்கத்தை இருபத்தாறு ஆண்டுகள் விழிப்போடும் விடாப்பிடியோடும் நடத்தி இன்று ஓய்வு பெறும் ஆசிரியரே! செய்தியில் செம்மையும் சினத்தில் நேர்மையும் கொண்ட எங்கள் அக்காவே! வணக்கம். தாங்கள் போனால் தங்கள் பத்தியும் போகும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு மறுமொழியாகவே இப்பிரியாவிடை விழாவில் இம்மடலை வாசிக்கிறோம்.

இந்நகரின் பழைய ஆங்கில நாளேடுகளை நூலகத்தில் தாங்கள் புரட்டினீர்கள். அன்று சொஃப்ட்போல் என்னும் பந்தாட்டம் ஆடிய பெண்களைப் பற்றிய செய்திகளில் கூந்தல் இருந்தது, கன்னக்குழி இருந்தது, காற்சட்டையின் நீளம்கூட இருந்தது. எடுத்த ஓட்டங்கள் மட்டும் இல்லை. மணமானவளுக்குக் கணவன் பெயர், மணமாகாதவளுக்கு ‘அழகி’ என்று பெயர். கொதித்துப்போனீர்கள். அவர்களின் சொந்தப் பெயர்களைத் தேடி, ஆடிய ஆட்டத்தோடு வாரந்தோறும் ஒரு பத்தியாக எழுதினீர்கள். மல்வேர்ன் பூங்காவில் இன்று ஆடும் நம் பெண்பிள்ளைகளையும் அதே மதிப்போடு அப்பத்தியில் ஏற்றினீர்கள்.

அப்பத்திக்காகப் பழைய செய்திகளை மொழிபெயர்த்த நம் ஸ்ரீதரன், பந்தெறிபவளைக் குறிக்கும் ‘பிச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் குடம் என்ற பொருளைப் பார்த்து ‘அணியின் அழகிய குடம்’ என்று எழுதிவிட்டார். அலுவலகமே வயிறு குலுங்கச் சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை.

“அந்தக் காலத்து நிருபர்மாரும் அவளைக் குடமாத்தான் பாத்தவை. நீராவது தெரியாமல் எழுதினீர், அவை தெரிஞ்சு எழுதினவை” என்று ஸ்ரீதரனிடம் சொன்னீர்கள்.

இம்மடலின் முதற்படியில் நாங்களும் தங்களைப் புன்னகை அரசி என்றும் பட்டுச்சேலைப் பேரெழில் என்றும் வரிந்து கட்டி வருணித்திருந்தோம். வாசித்துப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. அத்தனையையும் வெட்டிவிட்டுத் தங்கள் வேலையை மட்டும் விட்டுவைத்தோம். மடல் சற்றுச் சிறுத்துவிட்டது, பொறுத்தருள்க!

நோயற்ற உடலும் ஓயாத பேனாவும் வாய்த்து நெடுநாள் வாழ்வீர்களாக! நாங்கள் தவறினால் தொலைபேசியில் தயங்காமல் ஏசுவீர்களாக!

தங்கள் பத்தி இருந்த இடத்தை வீடு விற்பவர்களின் விளம்பரத்துக்குக் கொடுக்க எண்ணும் நிர்வாகத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே மரியாதையோடு சொல்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை இதழுக்கு எங்களில் ஒருவரான அனோஜா அப்பத்தியை எழுதி முடித்துவிட்டார். அதை எடுத்துவிட்டு அச்சுக்குப் பக்கம் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு எங்களில் ஒருவரும் வரமாட்டோம்.

இங்ஙனம்,
சொன்ன சொல்லில் நிற்கும்
ஸ்ரீதரன், அனோஜா, ஜூலியன், மற்றும் அலுவலகத்தார் அனைவரும்
ரொறன்ரோ