ஷஹீமா வேலைக்குச் சேர்ந்த வாரம்

அளவற்ற அருளாளனை நெஞ்சில் நிறுத்தித் தொடங்குகிறேன்.

அவைக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவர்களின் நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தில் சிறைபிடித்து வைத்திருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் சேனாபதி அவர்களே! வேலை இழந்தோர் பட்டியலை விரலால் அல்ல, விழிநீரால் எழுதி, ஒவ்வொருவருக்காகவும் பத்துப் பேரிடம் பேசிய வேலைவாய்ப்புக் குழுப் பொறுப்பாளர் வசந்தாமணி அவர்களே! லிவர்மோரிலிருந்து மலை கடந்து வந்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் ஆயிரம் கவலையும் சுமந்து, முகத்தில் மட்டும் புன்னகையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் செல்பேசிக்குள் தலையைக் கவிழ்த்திருக்கும் என் செல்லப் பிள்ளைகளே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் பொழியட்டும். வணக்கம்.

அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இப்போது ஆறு நாற்பது. சிரிக்காதீர்கள்! நாகப்பட்டினத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பதினோரு ஆண்டு படித்தவள் நான். அங்கே மணி அடித்த பிறகு வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். அந்தச் சட்டம் இங்கே இருந்தால், இந்தச் சன்னிவேல் மன்றத்தில் நானும் ஒலிபெருக்கியும் மட்டும்தான் மிஞ்சியிருப்போம்!

ஐந்து நிமிடம் வாழ்த்திப் பேசுங்கள் என்றார் தலைவர். நான் வாழ்த்த வரவில்லை, ஐயா. மூச்சு விட வந்திருக்கிறேன். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சு!

இந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் ஜனவரியில் என் மகள் ஷஹீமாவின் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். மார்ச் கடைசியோடு வேலை இல்லை என்றது கடிதம். தாய்மார்களே, இந்த அமெரிக்காவில் வேலை என்பது வெறும் வேலையா? வேலைதான் விசா. விசாதான் வீடு. வீடுதான் பிள்ளையின் பள்ளிக்கூடம். ஒன்று சரிந்தால் ஒன்பதும் சரியும் அல்லவா? என் மருமகன் ஷாரிக், மனைவியின் விசாவை ஒட்டி வந்தவர்; அவர் சம்பாதிக்கச் சட்டம் இடம் தராது. ஆக, அவளும் கணவரும் பிள்ளையுமாக மூன்று பேர் இந்த மண்ணில் நிற்பதும், பெட்டி கட்டுவதும் அந்த ஒருத்தியின் வேலையில் இருந்தது.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கூகுளில் ஒருவர் ஜன்னல் திரை வேண்டும் என்று தேடினால், ஆயிரம் கடைகளுக்கு நடுவே நம் கடை முதலில் கண்ணில் பட வேண்டும். அதற்காக இணையதளத்தைச் சீர்ப்படுத்துவதுதான் வேலை. அதோ, ஒரு தம்பி 'எஸ்.இ.ஓ.' என்கிறார். அதேதான்! முன்பு அவள் இருந்தது பல கம்பெனிகளுக்கு வெளியிலிருந்து யோசனை சொல்லும் நிறுவனம். அறிக்கை அனுப்பினால் கடமை முடிந்தது. ஏப்ரலில் அவள் சேர்ந்ததோ, ஜன்னல் திரை விற்கும் ஒரே கம்பெனியின் உள்ளே. கூரை ஒழுகினால் விருந்தாளிக்குக் குடை போதும். வீட்டுக்காரி? கூரை மேல் ஏற வேண்டாமா?

அந்த வேலைக்கு வழி காட்டியவர் அதே கம்பெனியில் இணையதளம் கட்டும் பொறியாளர், நம் சங்கத்து உறுப்பினர். பெயர் சொல்லலாமா என்று...

கேட்டீர்களா? மூன்றாவது வரிசையிலிருந்து அவரே குரல் கொடுக்கிறார்: "பேரைச் சொல்லுங்கம்மா, பரவால்ல!" உத்தரவு வந்துவிட்டது. வெங்கடகிருஷ்ணன்! முன்பின் பழகாத என் மகளுக்காகத் தம் மேலாளரிடம், "இந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னவர்.

என் கணவர் நெய்னா முகம்மது மறைந்து ஒன்பது ஆண்டுகள். அவர் இருந்தபோதும், போன பிறகும், யாரிடமும் உதவி கேட்டு நின்றதில்லை எங்கள் வீடு. இப்போது ஒருவருக்குக் கடமைப்பட்டோம். அந்தக் கடமை என் தலைமேல் கருங்கல்லாக உட்கார்ந்தது.

திங்கட்கிழமை சேர்ந்தாள். இரண்டு நாளில் நாற்பது பக்கங்களின் தலைப்புகளைத் திருத்தினாள். புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உம்மா, கூகுள்லேர்ந்து சைட்டுக்கு வர்ற ஆளு பாதிக்கு மேல கொறஞ்சுபோச்சு."

"நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

"எல்லாரும் இதத்தான் கேப்பாங்க! டைட்டில் மாத்தினவ நான்தானே. ஆனா காரணம் அது இல்ல உம்மா."

காரணம் என்ன தெரியுமா? புது இணையதளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, தேடுபொறிகள் எட்டிப் பார்க்காமலிருக்க ஒரு கோப்பு வைப்பார்களாம். இரண்டே வரி. யாரும் உள்ளே வராதீர்கள் என்று அதற்குப் பொருள். கடை திறக்கும் நாளில் அதை எடுத்துவிட வேண்டும். முந்தைய சனிக்கிழமை கடை திறந்தது. இரண்டு வரியை எடுக்கவில்லை! எடுக்க மறந்தவர் யார்? அதோ, முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர்தான்!

நான் சொன்னேன்: "வாய மூடிக்கிட்டு இரு. அவரே பார்த்துச் சரி பண்ணிடுவாரு."

"பார்க்கலன்னா?"

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல!"

பெரியவர்கள் சிலர் தலையசைக்கிறீர்கள். அசைக்காதீர்கள். நான் சொன்னது தவறு.

வியாழன் முழுவதும் என் சொல்லுக்கு அடங்கிப் பேசாமல் இருந்தாள். விற்பனை இன்னும் விழுந்தது. மாலையில் மேலாளரான அமெரிக்கப் பெண்மணியிடமிருந்து கடிதம்: நாளை ஒன்பது மணிக்குக் கூட்டம், இந்த வாரம் யார் எதை மாற்றினீர்கள் என்று சொல்ல வேண்டும். மாற்றியவள் என் மகள். வந்து நான்கே நாள் ஆனவள். பழி எங்கே விழும்? விசா எங்கே போகும்?

வெள்ளிக்கிழமை விடியலில் சுப்ஹுத் தொழுகை முடிந்து தேநீர்க் கோப்பையோடு என் எதிரில் நின்றாள். "உம்மா, இது எனக்காக மட்டும் இல்ல. அவருக்குத் தெரியாம அவர் குழியில நிக்கிறாரு. பார்த்துக்கிட்டே இருக்கறதா நன்றி? முதல்ல அவர்ட்ட சொல்றேன். ஒன்பது மணிக்குள்ள."

நான் மறுமொழி சொல்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. எட்டே கால் மணிக்கு அவர் மேசை முன்னால் நின்றாள்.

என்ன தம்பி? எட்டு பத்தா? பாருங்கள், நேரம் தெரிந்தவர் ஒருவராவது இந்த மன்றத்தில் இருக்கிறார்!

அவள் காட்டிய கணினித் திரையைப் பார்த்தவர் தலையில் கை வைத்தார். "ஐயையோ, அவசரத்துல விட்டுட்டேனே! எப்ப பார்த்தீங்க?"

"புதன்கிழமை."

"ஏங்க நேத்தே சொல்லல?"

"எங்க உம்மா வேணாம்னாங்க."

சிரியுங்கள், சிரியுங்கள்! இந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவள்தான்.

அந்த நிமிடமே இரண்டு வரியையும் எடுத்தார். ஒன்பது மணிக்கு, மேலாளர் வாய் திறக்கும் முன் எழுந்தார். தவறு என்னுடையது, கண்டுபிடித்தது ஷஹீமா என்றார். மறைத்திருக்க முடியாதா? முடியும். புதியவளின் தலையில் கட்டியிருக்க முடியாதா? அதுவும் முடியும். இந்தப் பொருளாதார மந்தக் காலத்தில், அவருக்கும் குடும்பம் இருக்கும்போது, அவர் எழுந்து நின்றார்!

கூகுளில் காணாமல் போன பக்கங்கள் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் தஸ்பீஹ் மணியை உருட்டிய வேகத்தில் நூல் தேய்ந்துவிட்டது. எல்லாப் பக்கமும் திரும்பிய அன்று மேலாளர் ஓர் ஆணை போட்டார்: இனி ஷஹீமா பார்த்துச் சரி என்று சொல்லாமல், இந்தக் கம்பெனியில் ஒரு பக்கமும் வெளியே போகக் கூடாது.

தாய்மார்களே, அன்றுதான் என் மகள் அந்த வேலையில் சேர்ந்தாள். அன்றுதான் நான் மூச்சு விட்டேன்!

வெங்கடகிருஷ்ணன் தம்பி, எழுந்து நில்லுங்கள். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். அதைவிட முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் நல்ல மனத்தை நம்பினேன். நீங்கள் உண்மையைத் தாங்குவீர்கள் என்று மட்டும் நம்பவில்லை. உங்களைக் குறைவாக எடை போட்டேன். மன்னியுங்கள். எழுபத்தொரு வயதில் இந்தச் சொல்லை நான் பலரிடம் சொன்னதில்லை.

இன்னும் வேலை தேடும் பிள்ளைகள் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒருவர் கை கொடுப்பார். கொடுத்த கைக்கு முன்னால் குனியாதீர்கள். நிமிர்ந்து நின்று நேர்மையாக வேலை செய்யுங்கள். பணிவு வேறு, பயம் வேறு! நன்றி வேறு, நாவடக்கம் வேறு! உதவி செய்தவருக்கு நாம் தரக்கூடிய உயர்ந்த மரியாதை, அவரிடம் உண்மை பேசுவது!

வியாழக்கிழமை நான் ஊருக்கு விமானம் ஏறுகிறேன். போன மாதம் வரை, போனால் நான்கு பேராகப் போவோமோ என்று நடுங்கினேன். இப்போது நான் மட்டும் போகிறேன். தனியாகப் போவதில் இத்தனை மகிழ்ச்சி உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இரண்டு முறை மணி அடித்தும் என்னை இறக்கிவிடாத தலைவருக்கும் என் நன்றி. எல்லார் வீட்டுக் கதவும் நல்ல செய்திக்குத் திறக்கட்டும். வஸ்ஸலாம், வணக்கம்.