பொய்ப் பதில் காட்டும் எக்ஸ்டென்ஷன்

என் லேப்டாப்பில் காபியைக் கொட்டியது நான்தான் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்த அரை டம்ளரில் தொடங்கியது.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் போன்ற வெப் டெவலப்பர்களுக்காக ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல், எழுதி வெளியிட்டிருந்தேன். இணையப் பக்கத்திலிருந்து சர்வருக்குப் போகிற தகவலை வழியிலேயே மடக்கி, போய்விட்டதாகப் பொய்ப் பதில் காட்டும். சோதனை செய்து பார்க்க வசதி. ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால் அணைந்துவிடுகிறது என்று ஒருவர் புகார் எழுதியிருந்தார். என்னை 'சார்' என்று அழைத்துப் புகார் சொன்ன ஒரே ஆள். விட மனம் வருமா?

லேப்டாப் நனைந்துவிட்டதால், கொழுந்தியாள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மையத்தில் அழைப்பு எடுப்பவள் அவள். அந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் நான்தான். என் நெட்டைக் கால்களுக்காக நாற்காலியை உயர்த்திக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் கோளாறு தீர்ந்தது. நான்கு முறை மூடித் திறந்தேன், அணையவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நானும் அணைக்காமல் எழுந்து போனேன்.

அவள் திரும்பி வந்து எடுத்த முதல் அழைப்பு, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஒரு பெண். இவள் பொத்தானை அழுத்தினாள். 'வண்டிக்குத் தகவல் போய்விட்டது' என்று பச்சையில் வந்தது. அந்தப் பெண் மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் இவள், "கிளம்பிடுச்சும்மா, வந்துக்கிட்டே இருக்கு" என்றாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நாற்பது நிமிடம். அவர் இறந்துபோனார்.

சர்வரில் பதிவு இல்லை. கம்ப்யூட்டரைப் பரிசோதிக்க என்னையே அனுப்பினார்கள். எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, 'இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது இல்லைதானே.

பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள் என்று அவள் வேலை போயிற்று. என் வேலையும் போய் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன லாபம், சொல்லுங்கள்.

முதல் வாரம் அவளைப் பார்க்கவே முடியவில்லை. "நான் அழுத்தினேனா இல்லையா?" என்று எல்லோரையும் கேட்பாள். அணைத்த அடுப்பை ஏழு தடவை அணைப்பாள். எனக்கு இளகிய மனசு. பக்கத்தில் உட்கார்ந்து, "மறதி யாருக்கும் வரும்மா" என்றேன். ஞாபகசக்திக்கு மாத்திரை வாங்கி வந்தேன். தினமும் தண்ணீரோடு நானே எடுத்துக் கொடுப்பேன். மூன்று மாதம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. என் மனைவிக்கு அதில் ஏகப் பெருமை.

நேற்று மாத்திரையை நீட்டும்போது கேட்டேன்: "இப்ப மறதி கொஞ்சம் பரவாயில்லையா?"

"எனக்கு மறதியே இல்ல, அத்தான். அன்னைக்குச் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன், கால் தரையில எட்டலை. யாரு நாற்காலிய ஏத்தினதுன்னு அப்ப தெரியலை. நீங்க மாத்திரையோட வந்து நின்னீங்களே, அப்ப தெரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா தினம் முழுங்கினே?"

"நீங்க நல்லவர்னு அக்கா நம்பிக்கிட்டிருக்கா."