பக்கத்து சீட்டு பிரேக்

இல்ல தம்பி, அது எதுவும் உடைஞ்சு தொங்கல. அது பெடல்தான். பிரேக். ஓட்டறவருக்கு ஒண்ணு, பக்கத்து சீட்டுல உக்கார்றவருக்கு ஒண்ணு. இத அமுக்கினா அந்தப் பக்கத்து பெடலும் கூடவே இறங்கும். பாத்தீங்களா? டாஷ்போர்டுக்கு அடியில ஒரு கம்பி ஓடுது, அவ்வளவுதான். எதுக்குன்னு சொல்றேன், சொல்லாம விக்க மாட்டேன். மொதல்ல பானெட்டத் திறந்து எஞ்சின் மேல கைய வைங்க. காய்ச்சல் பாக்கற மாதிரி. சில்லுனு இருக்கா? அப்ப சரி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் வண்டிய ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தான்னா, காலைல அது கிளம்ப அடம்பிடிக்குதுன்னு அர்த்தம்.

அம்மாவுக்கா பாக்கறீங்க? என்ன வயசு? எழுபத்தொண்ணா. சின்ன வயசுதான். கூடப்பொறந்தவங்க எத்தன பேர்? மூணு பேரா! அப்ப ரொம்பக் கஷ்டம். ஒத்தப் புள்ளைன்னா ஒரு மாசத்துல கார் வாங்கிடலாம். மூணு பேர்னா கார் வாங்கறதுக்குள்ள அம்மா நடக்கவே பழகிடுவாங்க.

சிரிக்காதீங்க. எங்க வீட்டுக் கதைதான் அது. அப்பாவுக்கு எழுபத்தேழு. இருந்த பழைய வண்டி மண்டையப் போட்டுருச்சு. எனக்கு ஒரு கார் வேணும்டா, சின்னதா, செலவு வைக்காததா இருக்கட்டும்னார். அவ்வளவுதான் கேட்டார். உடனே நாங்க மூணு பேரும் கிளம்பிட்டோம். வெளிநாட்டுல இருக்கான் பாருங்க எங்க சின்னவன், அவன் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டியல் போட்டு அனுப்பினான். நாப்பத்தாறு கார். ஒவ்வொண்ணுக்கும் லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர், சர்வீஸ் எத்தன மாசத்துக்கு ஒருதரம், எல்லாத்துக்கும் மார்க். பச்சை, மஞ்சள், சிவப்பு. அப்பாவ வந்து பாத்து நாலு வருஷம் ஆச்சு, ஆனா கலர் அடிக்கறதுல குறை வைக்கல. அக்கா இன்னொரு ரகம். சீட்டு உயரமா இருக்கணும், கதவு அகலமாத் திறக்கணும், ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பணும், ஏர் பேக் எட்டு இருக்கணும். கடைசில, அப்பா ஓட்டவே கூடாது. அப்ப எதுக்குடி கார்னு கேட்டா, சும்மா நிக்கட்டும், அவருக்கு ஒரு தெம்பா இருக்கும்னா.

நானா? நான் அவங்களுக்கு மேல. என் வேலை அப்படி. இன்சூரன்ஸ் சர்வேயர். எங்கயாவது மோதி நசுங்கிக் கிடக்கற வண்டியப் போய்ப் பாத்து, எது எது போச்சுன்னு எழுதிக் குடுக்கணும். முப்பது வருஷமா அதான். முழு வண்டிய நான் ஆபீஸ் போற வழியில பாத்தாதான் உண்டு. என்ன கார் பாக்கக் கூட்டிட்டுப் போறதும், கல்யாண வீட்டுக்கு போஸ்ட்மார்ட்டம் டாக்டரக் கூட்டிட்டுப் போறதும் ஒண்ணு.

முப்பத்தொரு வண்டி பாத்தேன் தம்பி. மொத வண்டி, ஒரு டாக்டர் ஓட்டினதுன்னான். ரெண்டாவதும் டாக்டர். ஒன்பதாவது வரைக்கும் டாக்டர்தான். இத்தன டாக்டர் இருக்கற ஊர்ல எனக்கு ஏன் முட்டிவலி தீரலன்னு கேட்டேன். ஒரு வண்டியில உள்ள நாலு சென்ட் டப்பா தொங்குது. கார்ப்பெட்டத் தூக்கினா ஆத்து மணல். வெள்ளத்துல முங்கின வண்டி! மணலுக்குத் தனியாக் காசா, சேத்தான்னேன். இன்னொண்ணு, மீட்டர்ல முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுது, பிரேக் பெடல் ரப்பர் என் தலை மாதிரி வழவழன்னு இருக்கு. மீட்டரத் திருப்பறவன் ரப்பர மாத்த மறந்துடுவான். எங்க போனாலும் பெடல் ரப்பரப் பாருங்க தம்பி.

இப்படி ஒவ்வொண்ணா தட்டிக் கழிச்சு எட்டு மாசம் ஓடுச்சு. அப்பா பஸ்ல போய்ட்டு வந்துட்டு இருந்தார். ஒரு நாள் என்னக் கூப்பிட்டு, நீ எனக்கு கார் தேடறியா, இல்ல கார் இல்லன்னு சொல்றதுக்குக் காரணம் தேடறியான்னு கேட்டார். எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

அப்பா யாருன்னு சொல்லல பாருங்க. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நாப்பது வருஷம் இந்த மாதிரி ரெண்டு பெடல் வச்ச வண்டியில, பக்கத்து சீட்டுல உக்காந்து சொல்லிக் குடுத்தவர். ஊர்ல பாதிப் பேருக்கு பிரேக் வாத்தியார்னு சொன்னாதான் தெரியும். ரோட்டுல எவனாவது குறுக்க வந்தா இவர் திட்ட மாட்டார். கண்ணாடிய இறக்கி, டேய், உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான், என் தப்புதான், போன்னுவார். அவன் பெரிய அதிகாரியா இருப்பான், காதப் பொத்திக்கிட்டுப் போவான்.

எனக்கும் அவர்தான் கத்துக் குடுத்தார். பத்தொன்பது வயசுல. ரிவர்ஸ் எடுக்கறேன்னு நேரா எங்க வீட்டுக் காம்பவுண்டு சுவத்துலயே இடிச்சேன். அவர் கால் அந்தப் பெடல் மேலதான் இருக்கு, சுவர் வர்றதும் அவருக்குத் தெரியுது. அமுக்கல. அம்மா ஓடி வந்து, பாத்துட்டே உக்காந்திருந்தீங்களான்னு கத்தினாங்க. ஆமா, நான் அமுக்கியிருந்தா அவன் அடுத்த தடவையும் என் காலத்தான் நம்புவான்னார். சுவர் போனா கட்டிக்கலாமாம். அந்த செங்கல்ல இன்னும் கீறல் இருக்கு, அதோ, தண்ணிக் குழாய்க்குப் பின்னாடி.

சரி, இந்த வண்டிக்கு வர்றேன். முப்பத்தொண்ணும் முடிஞ்சதும் அப்பா தனியாப் போய் முப்பத்திரெண்டாவதப் பாத்துட்டு வந்துட்டார். அவர்கிட்ட கத்துக்கிட்ட ஒருத்தர் ஸ்கூல் நடத்தறார், அவரோட பழைய வண்டி. ஆமா தம்பி, டிரைவிங் ஸ்கூல் வண்டியேதான். முகத்தச் சுளிக்காதீங்க, நாங்களும் சுளிச்சோம். அக்கா போன்ல அழுதா. கத்துக்குட்டிங்க ஏறி மிதிச்ச வண்டியான்னு. சின்னவன் பட்டியல்ல இதுக்குக் கட்டமே இல்ல. அப்பா சொன்னார், ஸ்கூல் வண்டி நின்னா அன்னிக்குப் பாடம் நின்னுரும், அதனால மாசா மாசம் சர்வீஸ் பண்ணியே ஆகணும். கிளட்ச் பிளேட் தேயும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால போன வருஷமே மாத்திட்டாங்க. இந்த வண்டி நாலாவது கியரக் கண்ணால கண்டதில்ல. அடி பட்டிருந்தா நாலு மூலையில மட்டும்தான் பட்டிருக்கும், அதுவும் மெதுவா. நான் என் பங்குக்குக் கீழ படுத்து, டார்ச் அடிச்சு, ஒரு மணி நேரம் பாத்தேன். குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல. வயித்தெரிச்சலா இருந்துச்சு.

பெடலக் கழட்டிடலாம்பான்னேன். வேணாம், இருக்கட்டும், அது உனக்குன்னார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ பக்கத்துல உக்காரு. நான் ஓட்டறேன். என்னிக்கு நீ அத அமுக்க வேண்டி வருதோ அன்னிக்கு சாவி உன் கையில. பேச்சே கிடையாது. ஃபெயில்னா ஃபெயில்தான்னார்.

அவர் தொழில்ல அதான் கணக்கு. வாத்தியார் கால் வச்சா பையன் பாஸ் இல்ல.

பதினாலு மாசம் உக்காந்தேன் தம்பி. கடைத்தெரு, லைப்ரரி, முடிவெட்டற கடை, அவர் பாடம் எடுத்த மைதானம். காலியான முக்குலகூட இண்டிகேட்டர் போட்டு, அது போதாதுன்னு கையையும் நீட்டுவார். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சுக் களைச்சுப் போய் நம்மள முந்தும்போது ஒரு பார்வை பாப்பான் பாருங்க, செத்த வீட்டு வண்டியப் பாக்கற மாதிரி. ஆனா ஒரு தப்பு? ஒண்ணு? கிடையாது. என் கால் பெடல் மேல சும்மா மரத்துப் போய் உக்காந்திருக்கும். என்னவிட நல்லா ஓட்டறார்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்ல மாட்டார், அதான் கடுப்பு.

இதுக்கு நடுவுல அக்கா தினமும் போன். ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு. சின்னவன் ஒரு கட்டுரை அனுப்புவான், எழுபதுக்கு மேல கண் பார்வை எப்படிக் குறையுதுன்னு. வீட்ல என் பொண்டாட்டி, மத்த நாள்ல அவர் தனியா எடுத்துட்டுப் போறாரே, அப்ப எந்தக் கால வைப்பீங்கம்பா. கேள்வி நியாயம்தானே? அப்புறம் ஒரு சனிக்கிழமை ஒரு வண்டிய சர்வே பண்ணப் போனேன். ஒரு பெரியவர் ஓட்டினது. முன்பக்கம் மொத்தமாப் போச்சு. சீட்டுல மூக்குக் கண்ணாடிக் கூடு மட்டும் கீறல் இல்லாம இருக்கு. எங்கப்பா வச்சிருக்கற அதே பழுப்புக் கலர். அதையும் ஃபார்ம்ல எழுதணுமான்னு யோசிச்சுட்டு நின்னேன்.

மறுநாள் ஞாயிறு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு, ரெண்டு பக்கமும் வேன் நிறுத்தியிருப்பாங்க. அப்பா ஊர்ந்து போறார். வேன் பின்னாலேருந்து ஒரு பொண்ணு குறுக்க ஓடுச்சு. ஏழு வயசு இருக்கும், மஞ்ச கவுன். அமுக்கிட்டேன்.

அப்பா காலுக்குக் கீழ அவர் பெடல் இறங்குது. வண்டி நின்னுச்சு. யாருடான்னார். சொன்னேன். எங்கன்னார். ஓடிடுச்சுப்பான்னேன். ஒரு நிமிஷம் அந்த வேனையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், எஞ்சின் ஆஃப், வரிசை மாறல. சாவிய எடுத்து என் உள்ளங்கையில வச்சு மூடினார். நான் பாக்கலடான்னார். அவ்வளவுதான். எறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காந்தார். நாப்பது வருஷம் பெடல் மேல காலப் போட்டே உக்காந்த மனுஷன், அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் ரெண்டு காலையும் சீட்டுக்கு அடியில மடக்கி வச்சிருந்தார்.

ஆச்சு, மூணு மாசம். வித்துருன்னு சொல்லிட்டார். அக்காவுக்கு நிம்மதி. சின்னவன் ஒரு கட்டை விரல் படம் அனுப்பினான்.

அப்பாவப் பாக்கணுமா? இல்லையே, நடக்கப் போயிருக்கார். வர ஒரு மணி நேரம் ஆகும். தினமும் அந்தச் சந்துக்குத்தான் போறார். அந்தப் பொண்ணு எந்த வீடுன்னு தேடறார். பயந்திருக்கும்டா, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்னு. வீடு வீடா, மஞ்ச கவுன் போட்ட குழந்தை இருக்காம்மான்னு கேக்கறார். ரெண்டு வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்களாம். ரெட்டை ஜடையா, ஒத்தை ஜடையான்னு நேத்து என்னக் கேட்டார். ஒத்தைன்னேன்.

கிடைக்காது தம்பி. எப்படிக் கிடைக்கும்? குழந்தையும் வரல, ஒண்ணும் வரல. சந்து காலி.

அப்புறம் ஏன் அமுக்கினேன்னு கேக்கறீங்களா? பயமா, சலிப்பா, பதினாலு மாசம் என் கால் தேவையே படலங்கற பொறாமையான்னு நானும் மூணு மாசமாப் பிரிச்சுப் பாக்கறேன். நொறுங்கின வண்டியில எது எந்த அடில போச்சுன்னு சொல்லிடுவேன். இதுல சொல்லத் தெரியல. அவர்கிட்டச் சொல்லலாமேங்கறீங்க. சொல்லலாம். சாவியத் திருப்பிக் கேப்பார், குடுக்கணும். அதுகூடப் பரவால்ல. கேக்காம விட்டுட்டார்னா?

வாங்க வர்றவங்ககிட்ட எதையும் மறைக்காதடான்னு சொல்லிட்டுத்தான் போனார். மறைக்கல. வண்டில ஒரு குறையும் இல்ல.

அந்தப் பெடலா? ரெண்டு போல்ட்டுதான், கால் மணி நேரத்துல கழட்டிடலாம். வேணும்னா அப்படியே வச்சுக்குங்க, உங்க இஷ்டம். அம்மா ஓட்டும்போது அந்த சீட்டுல யார் உக்காருவா, நீங்கதானே?

இந்தாங்க சாவி. ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.